சமையலறை மேசையில் பிறந்த நிறுவனம்

பெரிய செயல்கள் எல்லாம் பெரிய மாளிகைகளில்தான் தோன்றும் என்று நாம் எண்ணுகிறோம். அது எப்போதும் உண்மையன்று. படங்களோடு கதை சொல்லும் கணிப்பொறி விளையாட்டு ஒரு சமையலறை மேசையில் உருவாயிற்று. அதைப் படைத்தவர் ஒரு குடும்பத்தலைவி. அவ்வரலாற்றை அறிந்துகொள்வோமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்தவர் ராபர்ட்டா வில்லியம்ஸ். இரண்டு ஆண்மக்களின் தாய். அவர் கணவர் கென், கணிப்பொறிக்கு நிரல் எழுதுபவர். கென் வீட்டிற்குக் கொண்டுவந்த கருவியில் ராபர்ட்டா ஒரு விளையாட்டைக் கண்டார். குகைக்குள் சென்று புதையல் தேடவேண்டும். அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். அவர் அதில் தம்மை மறந்தார். அதை முடித்தபின், படமும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று சிந்தித்தார். ஒரு பழைய மாளிகையில் நடக்கும் கொலைகளைப் பற்றிய கதையைத் தாமே எழுதி, 70 படங்களையும் தாமே வரைந்தார்.

ஆனால் ஒரு தடை இருந்தது. அன்றைய ஆப்பிள் 2 கணிப்பொறியில் திரை நிறைந்த ஒரு படத்தைச் சேமிக்க எட்டாயிரம் எழுத்துகளுக்கு உரிய இடம் வேண்டும். 70 படங்களுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆகும். ஒரு வட்டிலோ ஒன்றரை லட்சம் எழுத்துகளுக்குக்கூட இடம் தராது! என்ன செய்வது? கென் ஒரு வழி கண்டார். படத்தை அப்படியே வைக்காமல், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இழுப்பது என்ற குறிப்பை மட்டும் வைத்தார். நாம் புள்ளிகளை இணைத்துக் கோலம் போடுவதுபோல, கணிப்பொறி ஒவ்வொரு முறையும் படத்தைப் புதிதாக வரைந்தது.

‘மிஸ்டரி ஹவுஸ்’ என்ற அவ்விளையாட்டு 1980இல் வெளிவந்தது. விலை 24.95 டாலர். அழகிய பெட்டி ஏது? பிளாஸ்டிக் பையில் வட்டை இட்டு விற்றனர். ஆயிரக்கணக்கில் விற்றது. பின்னர் சியரா நெவாடா மலைப்பகுதியில் குடியேறினர். ‘ஆன்லைன் சிஸ்டம்ஸ்’ என்ற நிறுவனம் 1982இல் ‘சியரா ஆன்லைன்’ ஆயிற்று.

வளர்ச்சியோடு சோதனையும் வந்தது. 1983இல் விளையாட்டுச் சந்தை சரிந்தது. சரக்குகள் தேங்கின, ஊழியர் பலரை அனுப்ப நேர்ந்தது. எனினும் ராபர்ட்டா சோரவில்லை. 1984இல் அவர் படைத்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. 1988இல் வந்த அதன் நான்காம் பாகத்தில், தந்தையின் உயிரைக் காக்கப் புறப்படுபவள் ஓர் இளவரசி!

1996இல் நிறுவனம் வேறொருவர் கைக்கு மாறியது. 1999இல் மலையடிவார அலுவலகம் மூடப்பட்டது. ஆனால் ராபர்ட்டாவின் ஆர்வம் மூடப்படவில்லை. தம்மை முதலில் கவர்ந்த அதே குகை விளையாட்டை, 2023இல் புதிய வடிவில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது.

கணிப்பொறி ஆண்களுக்கே உரியது என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு ராபர்ட்டாவின் வாழ்வே விடை. அவரிடம் கற்பனை இருந்தது, முயற்சி இருந்தது. தோழியரே, நம் வீட்டிலும் ஒரு மேசை உண்டன்றோ? நாமும் தொடங்குவோம்!