தோட்டப்புறத் தம்பதியரும் எச்.ஐ.வி. பற்றிய பேச்சும்: பதுளையை முன்வைத்து ஒரு நோக்கு

எச்.ஐ.வி. பற்றிய அறிவுறுத்தல்கள் பெரும்பாலும் தனிமனிதரை விளித்தே எழுதப்படுகின்றன. ஆணுறை அணிக, ஊசியைப் பகிரற்க என அவை கூறும். இருவர் ஓர் அறைக்குள் அதனை எவ்வாறு பேசுவது என்பதைக் கூறுவதில்லை. கணவன் போதைப்பொருளுக்கு ஆட்பட்ட குடும்பத்தில் இப்பேச்சு எழாமைக்கான காரணங்களைப் பதுளை மாவட்டத் தோட்டங்களை முன்வைத்து நோக்குவோம். தோட்டப்புறத்தை நோயின் இருப்பிடமாகக் காட்டுவது எமது கருத்தன்று. 1987இல் இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலாக அறியப்பட்டது முதல் இன்றுவரை, நாட்டில் அதன் பரவல் குறைவாகவே உள்ளது.

இலங்கையில் ஹெரோயின் பெரும்பாலும் புகையாகவே உள்ளிழுக்கப்படுகின்றது. "ஊசி போடுவதில்லையே" என்பது கணவனுக்குச் சமாதானமாகவும் மனைவிக்கு ஆறுதலாகவும் அமைந்துவிடுகின்றது. ஆனால் போதையில் நிதானம் தளர்ந்த வேளையிற் கொள்ளும் பாதுகாப்பற்ற உறவுக்கு ஊசி வேண்டியதில்லை. மணிப்பூரில் ஊசியேற்றிய ஆடவர் வழியாக, ஒருநாளும் ஊசியைத் தொட்டறியாத மனைவியர் பலர் தொற்றுக்குள்ளாயினர். அங்கும் நோய் கணவரிடமிருந்து மனைவியரை அடைந்தது உடலுறவு வழியாகவே.

பேச இடமும் இல்லை. முதியோரும் பிள்ளைகளும் உடனுறையும் லய அறையில், மெல்லிய சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். எனினும் இடநெருக்கடியை விட ஆழமான தடை ஒன்றுண்டு. பெண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சை நகர, கிராமத் துறைகளைவிடத் தோட்டத் துறையில் நெடுங்காலம் மிகுதியாக இருந்துவந்துள்ளது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடவெனப் பிறவிடங்களில் ஆணுறையைக் கேட்கலாம். அச்சாக்கு, 'ஆப்பரேசன்' செய்துகொண்டவளுக்கு இல்லை. அவள் கேட்டால் அது குற்றச்சாட்டு. "என்னையா சந்தேகப்படுகிறாய்?" என்ற கேள்வி எழும், அதன்பின் கை ஓங்குவதும் உண்டு. மௌனம் இங்கு அறியாமையன்று, தற்காப்பு.

இன்னொரு மயக்கமும் சுட்டத்தக்கது. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் ஏற்பாட்டின் பயனாக, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுதலை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. பெருமைக்குரிய சாதனை. ஆனால் மனைவியின் 'தொற்றில்லை' என்ற முடிவைக் கணவன் தன் முடிவாகவும் எடுத்துக்கொண்டால் பிழை நேரும். ஒருவருக்குத் தொற்றிருக்க, மற்றவர் தொற்றின்றி இருத்தல் கூடும். அண்மைய தொற்றெனில் பரிசோதனையில் தென்படாமலும் போகலாம்.

ஆகவே மனைவியைப் பேசச் சொல்வதைவிட, மருத்துவமாதோ வைத்தியரோ "இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள்" எனத் தமிழிற் கூறுவதே தக்கது. அப்போது அது அவளது சந்தேகமாகாது; எல்லோருக்கும் உரிய வழக்கமாகும். தொற்று அறியப்பட்டாலும், தொடர்ந்த சிகிச்சையால் குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அவ்வாறே நிலைத்தால், உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது. இவ்வுண்மை பேச்சின் அச்சத்தைப் பெரிதும் தணிக்கவல்லது.

அரச சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். ஆயினும் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளை நகருக்கு இருவரும் வந்து திரும்பினால் இருவரது அன்றைய பேரும் போய்விடும்.