சங்கத்தின் மின்னஞ்சல்: எம்முறை நன்று?

சங்கத்திற்கு வரும் கடிதம் சங்கத்தின் சொத்து. நூல் சிப்பமும் விதை மூட்டையும் இருப்புப் பதிவேட்டில் ஏறுவது போலவே, கடிதமும் தபால் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். இஃது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. ஆயினும், காகிதக் கடிதத்திற்குக் காட்டும் இக்கவனத்தை மின்னஞ்சலுக்கும் காட்டுகின்றோமா?

சென்ற ஆண்டு நெசவாளர் சங்கம் ஒன்றைப் பரிசோதிக்கச் சென்றிருந்தோம். வெளியூர் வியாபாரி ஒருவருக்கு அனுப்பிய சேலைகளின் விலை பற்றித் தகராறு நிலவியது. ஒப்புக்கொண்ட விலையை அவர் மின்னஞ்சலில் எழுதியிருந்ததாகக் காரியதரிசி உறுதியாகக் கூறினார். ஆனால் அக்கடிதம் இருந்த கணிப்பொறியின் வன்தட்டு முந்திய மாதமே பழுதாகிவிட்டது. அஞ்சல் வழங்கும் நிலையத்தில் தேடியபோது பெட்டி வெறுமையாக இருந்தது. முடிவில், வியாபாரி சொன்ன குறைந்த விலையைச் சங்கம் ஏற்க நேர்ந்தது. தறிக் குழியில் அமர்ந்து பாடுபட்டவர்களே அதன் நஷ்டத்தைச் சுமந்தனர்.

காரியதரிசி நேர்மையானவர், திருட்டு ஏதும் நிகழவில்லை. பிழை, கணிப்பொறியை அமைத்தபோது தேர்ந்த முறையில் இருந்தது.

மின்னஞ்சலைப் பெறுவதற்குப் பெருவழக்கில் உள்ள நெறிமுறைகள் இரண்டு. முதலாவது ‘பாப்’ எனப்படுவது. ‘தபால் நிலைய நெறிமுறை’ என்பதே அப்பெயரின் பொருள். 1984-ஆம் ஆண்டில் தோன்றிய இதன் மூன்றாம் வடிவம் 1988-இல் வெளிவந்தது. தபாலாபீசுக்குச் சென்று, வந்த கடிதங்களைப் பையிலிட்டு வீட்டுக்கு எடுத்து வருவது போன்றது இம்முறை. கடிதங்கள் நம் கணிப்பொறிக்கு வந்துவிடும். நிலையத்தில் பிரதி வைக்குமாறு அமைக்காவிடின் அங்கிருந்து நீக்கப்படுவதே இதன் பழைய வழக்கம். மேற்படி சங்கத்தில் நேர்ந்ததும் இதுவே.

இரண்டாவது ‘ஐமாப்’. இதனை 1986-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பார் வகுத்தார். இம்முறையில் கடிதங்கள் நிலையத்திலேயே தங்கும். சங்க ஆபீசின் மேசைமீதுள்ள பேரேட்டைத் தலைவரும் காரியதரிசியும் குமாஸ்தாவும் பார்ப்பது போல, ஒரே பெட்டியைப் பல கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் பார்க்கலாம். ஒருவர் படித்தது, பதிலெழுதியது ஆகிய குறிகள் மற்றவர்க்கும் தெரியும். நூல் கொள்முதல், விற்பனை, கடன் எனத் தனித்தனி உறைகளில் வகுத்து வைக்கவும் இயலும். ‘பாப்’ முறைக்கோ வரவுப் பெட்டி ஒன்றே தெரியும்.

அங்ஙனமாயின் ‘பாப்’ பயனற்றதா? அன்று. ஒருவரே, ஒரே கணிப்பொறியில் கடிதம் பார்ப்பவராயின், நிலையத்தில் ஒதுக்கிய இடமும் மிகக் குறைவாயின், அது எளிமையும் சிக்கனமும் உடையது. இணைப்பு அறுந்தபோதும் இறக்கிய கடிதங்களைப் படிக்கலாம். ஆயின் ‘ஐமாப்’ முறையிலும் கணிப்பொறியில் பிரதி வைத்துக்கொள்ளும்படி அமைக்க இயலும் என்பதை மறத்தலாகாது.

காரியதரிசி மாறுவதும் நிர்வாகக் குழு மாறுவதும் சங்கங்களின் இயல்பு. ஆகவே பலர் கூடி நடத்தும் சங்கத்திற்கு ‘ஐமாப்’ முறையே ஏற்றது என்பது எமது துணிபு.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு கைப்பேசியில் கடிதத்தை அழித்தால், அது எல்லா இடங்களிலும் அழிந்துபோம். நிலையத்தில் இருப்பது ஒன்றே போதும் என்று எண்ணுதல் தவறு. ஆதலால், சங்கங்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. மின்னஞ்சல் முகவரி சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். காரியதரிசியின் சொந்த முகவரியாக இருத்தல் கூடாது.

2. பொறுப்பு மாறும் நாளிலேயே கடவுச்சொல்லையும் மாற்றி, அதனைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் குறிக்க வேண்டும்.

3. மாதம் ஒருமுறை கடிதங்களின் பிரதியைத் தனி வட்டில் எடுத்துப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். விலை, கடன், ஒப்பந்தம் பற்றிய கடிதங்களை அச்சிட்டுக் கோப்பிலும் சேர்க்க வேண்டும்.

4. இணைப்பு மறையாக்கம் பெற்றதா என்று அமைப்பவரிடம் கேளுங்கள். ‘ஐமாப்’ முறைக்கு 993, ‘பாப்’ முறைக்கு 995 என்பவை அதற்குரிய வழி எண்கள்.

5. ‘பாப்’ முறையிலிருந்து மாறும் சங்கங்கள், பழைய கணிப்பொறியில் உள்ள கடிதங்களை முதலில் பிரதியெடுத்த பின்னரே அமைப்பை மாற்ற வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பிற்பகல் நேரம் போதும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், “நம் கடிதங்கள் எங்கே இருக்கின்றன?” என்று அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்கட்டும். அக்கேள்விக்கு உடனே விடை கிடைக்குமாயின், அச்சங்கத்தின் தபால் காப்பில் உள்ளது எனக் கொள்ளலாம்.