பழைய புல்லட் வாங்கியவர் கவனத்திற்கு

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியவர் முதலில் என்ன செய்வார்? வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிக்கரை உதைப்பார். இதைத்தான் செய்யலாகாது என்கிறோம். இவ்வண்டியில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. என்ஜினின் அடிப்பெட்டியிலேயே ஓர் அறை அமைந்திருக்கிறது. வண்டி பல மாதம் சும்மா நின்றால், அவ்வறையின் எண்ணெய் பம்பு வழியே மெல்லக் கசிந்து கிராங்கு சுழலும் பள்ளத்தில் சேர்ந்துவிடும். மேலே பிஸ்டனும் ராக்கரும் வறண்டு கிடக்கும். அந்த நிலையில் உதைத்தால் சேதம் விளைவதில் ஆச்சரியம் என்ன?

புல்லட்டைச் சாமானியச் சரக்காக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து வண்டி அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்த பிறகு, திருவொற்றியூர் அதற்கு வீடாயிற்று. முதலில் சீமைப் பாகங்களைப் பூட்டினார்கள். பின்னர் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1960-களில் இங்கிலாந்தில் புல்லட் நின்றுபோயிற்று, திருவொற்றியூரில் நிற்கவில்லை! நம் தொழிலாளர் கைபட்ட அப்பாகங்களைக் குப்பையில் எறிந்துவிட்டு, பளபளக்கும் புதுச் சரக்கை மாட்டும் நாகரிகத்தை நாம் சிலாகிப்பதற்கில்லை. தேய்ந்ததை மாற்றுவது அவசியம். பழையது என்பதற்காக மாற்றுவது அநியாயம்.

ஆகவே, முதலில் பழைய எண்ணெயை இரு இடங்களிலிருந்தும் வடித்து, வடிகட்டியை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றுக. அடுத்தபடி பிரேக்கு. ஓடாத வண்டியால் ஆபத்தில்லை. நிற்காத வண்டியால் உண்டு. பழைய பிரேக்குக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைப்பதே உத்தமம். டாங்கியில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதைக் கொட்டி, துரு நீக்கி, கார்புரேட்டரின் சிறு துவாரங்களைச் சுத்தம் செய்யவேண்டும். இன்றைய பெட்ரோலில் எதனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாயை மாற்றிவிடுவது நல்லது.

இனிப் பொறி. பாயிண்டுகள் முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். என்ஜின் குளிர்ந்திருக்கையில், வால்வுகள் மூடிய நிலையில், புஷ்ராடுகள் விரலால் உருட்டினால் சுழலவேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பல முறை கிக்கரை மெதுவாக அழுத்தி எண்ணெயை ஏற்றிய பிறகே பிளக்கைப் பூட்டுக.

இப்போது உதைக்கலாம், அதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. சாவியைத் திருப்பி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்லத் தள்ளுக. டிகம்பிரஸர் பிடியை அழுத்திக்கொண்டு இன்னும் சற்றே நகர்த்தி, பிடியை விடுக. பிறகு கிக்கரை மேலே வரவிட்டு, பயமின்றி முழு உதை! முள்ளைக் கவனியாது உதைப்பவர் முழங்காலை யந்திரமே திருப்பி உதைக்கும்.

என்ஜின் பிடித்ததும் சிறிது நேரம் நீலப் புகை வந்தால், பள்ளத்தில் தங்கிய எண்ணெய் எரிகிறது என்று பொருள். ராக்கருக்குச் செல்லும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கவும். கசியாவிட்டால் உடனே என்ஜினை நிறுத்திவிடவேண்டும். பம்பைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி உதைக்கக் கூடாது. கசிந்தால் போல்ட்டை இறுக்கிவிட்டுத் தெருவில் ஒரு சுற்று வரலாம். பழைய புல்லட்டில் கியர் வலக் காலுக்கு, பிரேக்கு இடக் காலுக்கு. ஆகையால் முதல் சுற்று, கடைத்தெருப் பக்கம் வேண்டாம்.