தொழில்நுட்ப நிறுவனக் கையகப்படுத்தல்களும் சான்றுகளின் நம்பகத்தன்மையும்: பேஸ்புக் – இன்ஸ்டாகிராம் நிகழ்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொழில்நுட்ப நிறுவனம் மற்றொன்றைக் கையகப்படுத்திய விலை, ஆய்வெழுத்துகளில் பெரும்பாலும் ஒற்றை எண்ணாகவே இடம்பெறுகிறது. அவ்வெண் எந்நாளில், எந்த ஆவணத்தில், எதனை அளந்து பெறப்பட்டது என்பதற்கேற்ப மாறுபடும். 2012இல் பேஸ்புக் நிறுவனம் இன்ஸ்டாகிராமை வாங்கிய நிகழ்வின்வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கையகப்படுத்தல், முதன்மைச் சான்று, துணைமைச் சான்று, ஆண்டறிக்கை, பங்கு மதிப்பு.

முன்னுரை

நிறுவன வரலாறு, சந்தைப் போட்டி, ஊடகப் பொருளாதாரம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் கையகப்படுத்தல் விவரங்களைத் தேடும்போது முதலில் கிடைப்பவை இணையக் கலைக்களஞ்சியப் பட்டியல்களும் செய்திகளுமே. இவை தேடலைத் தொடங்க உதவும். சான்றாக நிற்க இவை மட்டும் போதா. பத்துப் பட்டியல்கள் ஒரே செய்தியிலிருந்து எடுத்தெழுதப்பட்டிருப்பின், அவை பத்துச் சான்றுகள் ஆகமாட்டா. ஒரு சான்றின் பத்துப் படிகளே ஆகும்.

மூன்று விலைகள்

2012 ஏப்ரல் 9 அன்று, இன்ஸ்டாகிராமை ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கவிருப்பதாகப் பேஸ்புக் அறிவித்தது. அதன் பங்கு வெளியீட்டு ஆவணம் இத்தொகையின் உட்கூறுகளைத் தருகிறது: ரொக்கம் 30 கோடி டாலர்; பங்குகள் ஏறத்தாழ 2.3 கோடி. ஒரு பங்கின் மதிப்பு 30.89 டாலர் எனக் கொள்ளப்பட்டதால் மொத்தம் 100 கோடியை எட்டியது.

அதே ஆண்டு மே மாதம் பேஸ்புக் பங்கு 38 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. கையகப்படுத்தல் நிறைவேறிய ஆகஸ்ட் இறுதியில் அவ்விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்திருந்தது. கொடுக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கை மாறாதபோதும் அவற்றின் மதிப்பு குறைந்தது. எனவே செய்திகள் பின்னர் 71.5 கோடி டாலர் என்று குறிப்பிட்டன.

2012ஆம் ஆண்டுக்கான ஆண்டறிக்கையோ கொள்முதல் விலையை 52.1 கோடி டாலர் என்று பதிவு செய்கிறது. ரொக்கமும் உரிமை முழுமையடைந்த ஏறத்தாழ 1.2 கோடிப் பங்குகளும் இதில் அடங்கும். எஞ்சிய ஏறத்தாழ 1.1 கோடிப் பங்குகள், இன்ஸ்டாகிராம் ஊழியர்கள் தொடர்ந்து பணியாற்றினால் மட்டுமே உரிமையாகக் கூடியவை. ஆதலால் அவற்றின் மதிப்பான 19.4 கோடி டாலர், கணக்கியல் நெறிப்படி விலையில் சேராமல் ஊதியச் செலவாகக் கொள்ளப்பட்டது. 52.1 கோடியையும் 19.4 கோடியையும் கூட்டினால் 71.5 கோடி வருகிறது.

ஆக, மூன்று எண்களுள் எதுவும் பொய்யன்று. முதலாவது ஒப்பந்த நாளின் மதிப்பு. இரண்டாவது நிறைவேறிய நாளில் கொடுக்கப்பட்ட அனைத்தின் மதிப்பு. மூன்றாவது கணக்கியல் பொருளிலான விலை. நாளையும் அளவையும் குறிப்பிடாமல் ஓர் எண்ணை மட்டும் எடுத்தாளுவதே பிழை.

சான்றுகளைத் தேடும் முறை

அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் ஆவணங்கள், அந்நாட்டின் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை ஆணையத்தின் எட்கர் தரவுத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1996 மே முதல் உள்நாட்டு நிறுவனங்கள் மின்வடிவில் ஆவணங்களை அளிப்பது கட்டாயமாயிற்று. முக்கிய நிகழ்வுகளை அறிவிக்கும் 8-கே படிவம் ஒப்பந்த நாளையும், 10-கே எனப்படும் ஆண்டறிக்கையின் விளக்கக் குறிப்புகள் இறுதிக் கணக்கையும் அறிய உதவும். இவற்றுடன் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் முடிவுகளும் ஒப்புநோக்கத் தக்கவை. இன்ஸ்டாகிராம் தொடர்பான விசாரணையை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2012 ஆகஸ்ட் 22 அன்று முடித்துக்கொண்டது. அதே ஆணையம் 2020 டிசம்பரில் இக்கையகப்படுத்தலை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது.

ஆவணங்களின் எல்லை

முதன்மைச் சான்றுகளுக்கும் எல்லை உண்டு. நிறுவனத்தின் அளவை நோக்கச் சிறியதாகக் கருதப்படும் கையகப்படுத்தலைத் தனித்து வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. 2005இல் கூகுள் ஆண்ட்ராய்டு நிறுவனத்தை வாங்கியபோது விலையை அறிவிக்கவில்லை. இன்று வழங்கும் 5 கோடி டாலர் என்னும் எண் மதிப்பீடே. 2010 முதல் 2019 வரை ஆல்பபெட், அமேசான், ஆப்பிள், பேஸ்புக், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களும் முன்னறிவிப்புச் சட்டத்தின்கீழ் தெரிவிக்காத, 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட 616 பரிவர்த்தனைகளைச் செய்திருந்ததாக வர்த்தக ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பொதுவெளியில் கிடைக்கும் பட்டியல் எதனையும் முழுமையானது என்று கொள்வதற்கில்லை என்பதை இவ்வெண்ணிக்கை உணர்த்துகிறது.

முடிவுரை

கையகப்படுத்தல் விலையை மேற்கோளாக்கும் ஆய்வாளர், ஆவணத்தின் பெயர், அறிவித்த நாளா நிறைவேறிய நாளா என்பது, ஊழியர்க்கான பங்குகள் சேர்ந்தனவா என்பது ஆகிய மூன்றையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும். ஆவணம் இல்லாதவிடத்து ‘மதிப்பீடு’ என்றே எழுதுதல் தகும். இரு நிறுவனங்களை ஒப்பிடும் ஆய்வில் ஒன்றற்கு அறிவிப்பு விலையையும் மற்றொன்றற்குக் கணக்கியல் விலையையும் கொண்டால், முடிவே திரிந்துவிடும்.