எட்டுப் பக்கத்தில் ஒரு சித்திரக்கதை



ஜப்பானியர் தம் சித்திரக்கதையை ‘மங்கா’ என்று வழங்குகின்றனர். நம் மாங்காய்க்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. மனம் போன போக்கில் தீட்டிய படம் என்பது அச்சொல்லின் பொருள். ஹொகுசாய் என்னும் ஓவியர் 1814-இல் வெளியிடத் தொடங்கிய தம் படத்தொகுதிக்கு இப்பெயரையே இட்டார். எனினும், இன்று நீங்கள் விரும்பிப் படிக்கும் நெடுங்கதை மங்காவுக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் ஒசாமு தெசுகா. அவர் மருத்துவம் பயின்றுகொண்டே படம் வரைந்தவர். 1947-இல் வெளிவந்த ‘புதிய புதையல் தீவு’ அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

அத்தகைய கதை ஒன்றை நாமே வரைய இயலுமா? இயலும். ஆனால், தொடங்கும் இடம் பலர் எண்ணுவது அன்று.

மங்காவில் ஆர்வம் கொண்டோர் முதலில் வரைவது முகம். அகன்ற விழி, காற்றில் அலையும் கூந்தல், கையில் ஒரு வாள். மாணவர்களின் குறிப்பேடுகளில் கடைசித் தாள்களை ஆண்டாண்டாகப் பார்த்து வந்தவன் நான். அங்கே கைத்திறன் மிக்க முகங்கள் ஏராளம். முடிவுற்ற கதை ஒன்றேனும் கண்டதில்லை. முகம் பெயர்ச்சொல் போன்றது. பெயர்ச்சொற்களை எத்தனை அடுக்கினாலும், வினை வராமல் வாக்கியம் முடிவதில்லை அல்லவா?

ஜப்பானிய ஓவியர் செய்வது வேறு. அவர் முதலில் மலிவான தாளில் கட்டங்களைக் கிறுக்குகிறார். மாந்தரை வட்டமும் கோடுமாகக் குறிக்கிறார். பேச்சை மட்டும் முழுமையாக எழுதிவிடுகிறார். இம்முன்வரைவை அவர்கள் ‘நேமு’ என்பர். பத்திரிகையாசிரியர் இதைப் படித்துத் திருத்தம் கூறிய பின்னரே உண்மையான ஓவியம் தொடங்கும். புதியவர்களோ இப்படியைத் தாண்டிவிட்டு, முதற்பக்கத்தை அழகுற வரைந்து, மூன்றாம் பக்கத்தில் சோர்ந்து விடுகின்றனர்.

முன்வரைவில் அப்படி என்ன இருக்கிறது? காலம் இருக்கிறது. தேர்வு முடிவைக் காண வந்த ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். ‘அவள் தேறிவிட்டாள்’ என ஒரே கட்டத்தில் காட்டினால், அது வெறும் செய்தி. அதனையே பிரித்துப் பாருங்கள். அகன்ற கட்டம் ஒன்றில், அறிவிப்புப் பலகையின் முன் கூட்டம். அடுத்து, ஒடுங்கிய மூன்று கட்டங்கள்: எண்களின்மீது இறங்கும் விரல், மேலும் இறங்கும் விரல், நின்றுவிட்ட விரல். அவள் முகத்தை இன்னும் காட்டவில்லை. படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளைப் புரட்டுவார். முகம் அங்கே, மறுபக்கத்தில், பாதித் தாளை நிறைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆகவே, ஐயத்தை எழுப்பும் கட்டம் ஒற்றைப்படைப் பக்கத்தின் இறுதியிலும், அதற்கு விடையாகும் படம் அடுத்த இரட்டைப்படைப் பக்கத்தின் தொடக்கத்திலும் அமைவது நலம். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாகவும், வரிகள் வலமிருந்து இடமாகவும் செல்வதால், அவர்களது மங்காவும் வலப்புறமிருந்தே தொடங்குகிறது. தமிழில் எழுதும் நீங்கள் இடமிருந்து வலமாகவே கட்டங்களை அமையுங்கள். தமிழ்ப் பேச்சை இட்டுவிட்டுக் கட்டங்களை மட்டும் வலமிருந்து வைத்தால், படிப்பவரின் கண் இருபுறமும் இழுபட்டுத் திண்டாடும்.

ஒலிச்சொற்களைப் பற்றி ஒரு சொல். மழைக்கு ‘சா சா’ என்றும், நெஞ்சின் படபடப்புக்கு ‘தொகி தொகி’ என்றும் ஜப்பானியர் படத்தினுள்ளேயே பெரிதாகத் தீட்டுவர். நமக்கு இது புதிதா? சலசல, மளமள, திடுதிடு என இரட்டைக்கிளவிகள் நம்மிடம் நிறைந்து கிடக்கின்றன. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த அவற்றை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலப் படக்கதைகளின் ஓசைகளைக் கடன் வாங்கத் தேவையில்லை.

கருவிகளைப் பற்றி மிகுதியாகக் கவலைப்பட வேண்டாம். மையில் தொட்டு வரையும் பேனாவும், புள்ளியிட்ட ஒட்டுத்தாளும் ஜப்பானில் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. இன்று பலர் கணினியில் வரைகின்றனர். பென்சிலும் ஒரு கறுப்பு மைப்பேனாவும் உங்களுக்குப் போதும். அச்சிற்காகப் படம் சுருக்கப்படும்போது மெல்லிய கோடுகள் மறைந்துவிடக் கூடும். எழுத்துக்களை மட்டும் சற்றுப் பெரிதாக எழுதுங்கள்.

படிப்பவர் யார் என்பீர்கள். ஷோதாரோ இஷினொமொரி பின்னாளில் பெரும் புகழ் பெற்ற மங்கா ஓவியர். 1950-களில் உயர்நிலைப்பள்ளி மாணவராக இருந்தபோதே தோழர்களுடன் கையெழுத்து இதழ் ஒன்றை நடத்தினார். ‘ஒரு துளி மை’ என்பது அதன் பெயரின் பொருள். அச்சேறாத அந்த ஒற்றைப் பிரதி உறுப்பினர் கைக்குக் கை சென்று சுற்றி வந்தது. 1975-ஆம் ஆண்டு டிசம்பரில், இத்தகைய ஆர்வலர் குழுக்கள் 32 கூடித் தோக்கியோவில் தம் இதழ்களுக்கெனச் சந்தை ஒன்று தொடங்கின. அன்று வந்தோர் ஏறத்தாழ 700 பேர். ‘கொமிகெத்து’ எனப்படும் அச்சந்தைக்கு இப்போது இலட்சக்கணக்கானோர் வருகின்றனர்.

உங்கள் முதற்கதை எட்டுப் பக்கங்களுக்கு மேற்பட வேண்டா. இரண்டு தாள்களை நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். வெளித்தாளின் ஒருபுறம் 8, 1. மறுபுறம் 2, 7. உள்தாளின் ஒருபுறம் 6, 3. மறுபுறம் 4, 5. இந்த வரிசையில் இருபுறமும் நகலெடுத்து, மடிப்பில் இரண்டு கம்பி ஊசிகளைக் குத்திவிட்டால் புத்தகம் ஆயத்தம்.