பிளஸ் 2 முடிச்ச தம்பி, தங்கைக்கு உங்க போன் நம்பர் ஏன் தேவை? முன்னாள் மாணவர்களுக்கு ஒரு கைடு

பிளஸ் 2 ரிசல்ட் அன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க வாழ்த்துதான். ஆனா, வீட்டிலேயே முதல் ஆளாக காலேஜ் போகப்போகிற அரசுப் பள்ளி மாணவிக்கு உண்மையான பரீட்சை அதற்கு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. எந்தச் சான்றிதழ் வாங்கணும்? எந்த காலேஜை முதலில் போடணும்? அப்பா, அம்மாவிடம் இதற்குப் பதில் இருக்காது. சில வருஷம் முன்னாடி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்களிடம் இருக்கும்.

பேச்சு போதாதா?

ஆண்டு விழாவுக்குப் போய், மைக் பிடித்து, 'கஷ்டப்பட்டுப் படிங்க' என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். கைதட்டலும் கிடைக்கும். ஆனா மே முதல் ஆகஸ்ட் வரை, சந்தேகம் வரும்போது கேட்க ஓர் ஆள் இருப்பதுதான் அவர்களுக்குத் தேவை. மார்க் நன்றாக இருந்தும் இடம் கைநழுவுவது பெரும்பாலும் சின்னச் சின்னத் தவறுகளால்தான்.

எங்கே தவறு நடக்கிறது?

பொறியியல் கவுன்சலிங்கையே எடுத்துக்கொள்வோம். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்கு கட்-ஆஃப். தரவரிசை வந்ததும் ஆன்லைனில் சாய்ஸ் ஃபில்லிங். சிஸ்டம் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சாதாரண காலேஜை முதலில் போட்டால், அதுவே கிடைத்துவிடும். ஐந்தாறு காலேஜ் மட்டும் போட்டால், எதுவுமே கிடைக்காமலும் போகலாம். சாய்ஸுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பதே பலருக்குத் தெரியாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அவகாசத்துக்குள் உறுதி செய்யாவிட்டால், அந்த இடமும் போய்விடும்.

என்னென்ன சொல்லித் தரலாம்?

* சான்றிதழ்கள்: சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட்டுக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது.
* 7.5% உள் ஒதுக்கீடு: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும்.
* மாதம் 1,000 ரூபாய்: மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024).
* முதல் செமஸ்டர்: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு முதலில் புரியாது. 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ரெண்டு மாசத்துல பழகிடும்' என்று நீங்கள் சொல்வது, படிப்பைப் பாதியில் விடாமல் காப்பாற்றலாம்.

எப்படி ஆரம்பிப்பது?

தலைமை ஆசிரியரைப் பாருங்கள். 2024-ல் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஒருவருக்கு மூன்று, நான்கு மாணவர்கள் போதும். வாரம் அரை மணி நேரம் பேசினாலே பெரிய விஷயம். ஒரே பேட்ச்சில் நர்ஸிங், பாலிடெக்னிக், கலைக் கல்லூரி, வேலை என்று வெவ்வேறு பாதையில் போனவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோருமே ஐ.டி. என்றால், மாணவர்களும் ஐ.டி.யை மட்டுமே பார்ப்பார்கள்.

எதைச் செய்யக் கூடாது?

'நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சேன், நீயும் அதையே எடு' என்று தள்ளாதீர்கள். வழி காட்டலாம், முடிவு அவர்களுடையது. பாஸ்வேர்டு, ஓ.டி.பி.யை வாங்கி நீங்களே சாய்ஸ் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே போடச் சொல்லுங்கள். பள்ளிக்கும் பெற்றோருக்கும் தெரிந்தே பேசுங்கள். தெரியாததை 'தெரியாது, விசாரிச்சு சொல்றேன்' என்று சொல்லுங்கள். உங்கள் காலத்து கட்-ஆஃபும் விதிமுறையும் மாறியிருக்கலாம். அந்த ஆண்டு அறிவிப்பைச் சேர்ந்தே படித்துப் பாருங்கள்.

இரவு பத்து மணிக்கு, 'அக்கா, அலாட்மென்ட் வந்திருக்கு, இப்ப என்ன பண்ணணும்?' என்று ஒரு மெசேஜ் வரலாம். ஐந்து நிமிஷம் ஒதுக்கிப் பதில் போடுங்கள். அன்றைக்கு உங்களுக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தாரா, இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.