அப்கிரேடுக்குப் பிறகு டேட்டாபேஸ் மறந்துபோவது

சில வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை ராத்திரி, நான் வேலை பார்த்த இடத்தில் போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து 13-க்கு மாறினோம். பிஜி அப்கிரேடை லிங்க் முறையில் ஓட்டினோம். ஃபைல்களைக் காப்பி எடுக்காமல் ஹார்ட் லிங்க் மட்டும் போடுவதால் சில நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஞாயிறு முழுக்க ஆர்டர்கள் ஒழுங்காகப் பதிவாகின. திங்கள் காலையில், ரெண்டு மூணு நொடியில் வரும் ரிப்போர்ட் இருபது நிமிஷம் ஆகியும் வரவில்லை.

"பழைய வெர்ஷனுக்கே போயிடலாமே" என்றார் மேனேஜர். முடியாது. லிங்க் முறையில் புது சர்வரை ஒருதரம் ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதைத் தொடக்கூடாது. ரெண்டுக்கும் ஒரே ஃபைல்கள். பேக்கப்பிலிருந்து எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆர்டர்கள் போச்சு.

மெமரி செட்டிங்குகளை மாற்றி மாற்றி அரை நாள் வீணாக்கினோம். பிறகுதான் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தேன். பிளானர் எதிர்பார்த்த ரெக்கார்டு எண்ணிக்கைக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கல்யாண சமையல்காரர் முதலில் கேட்பது "எத்தனை இலை?" பிளானருக்கும் அதே கேள்விதான். அதற்காக எந்த ஃபீல்டில் எந்த மதிப்பு எவ்வளவு வருகிறது என்று டேபிளில் சாம்பிள் எடுத்துப் புள்ளிவிவரம் வைத்திருக்கும். 13-க்குப் போகும்போது டேட்டா கூட வரும், இந்தப் புள்ளிவிவரம் வராது. அது இல்லாவிட்டால் 'ஸ்டேட்டஸ் = முடிந்தது' மாதிரி நிபந்தனைக்கு இருநூறில் ஒரு பங்கு தேறும் என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளும். ஒரு கோடி ரெக்கார்டில் அது 50,000. ஆனால் பழைய ஆர்டரெல்லாம் முடிந்ததுதானே? நிஜத்தில் 95 லட்சம் என்று வையுங்கள். 50,000 பேருக்கு ஒவ்வொருத்தராக அடுத்த டேபிளின் இண்டெக்ஸில் தேடுவது நல்ல திட்டம். 95 லட்சத்துக்கு அது தற்கொலை.

எங்களை ரொம்பக் குழப்பினது, எல்லா குவெரியும் மெதுவாகவில்லை என்பது. ஆர்டர் எண் கொடுத்துத் தேடினால் சட்டென்று வந்தது. யூனிக் இண்டெக்ஸ் இருந்தால் ஒன்றுதான் கிடைக்கும் என்று பிளானருக்குப் புள்ளிவிவரம் இல்லாமலே தெரியும். சின்ன டேபிள்களோ தானாகவே தேறிவிட்டன. ஆட்டோவேக்கம் ஒரு டேபிளை மறுபடி அலச, அதில் குறிப்பிட்ட அளவு மாற்றம் நடந்திருக்க வேண்டும். அப்கிரேடுக்குப் பிறகு அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. எங்கள் சின்ன டேபிள்களில் அந்த அளவு மாற்றம் சீக்கிரமே நடந்துவிட்டது. ஆக, அடி வாங்கினது பெரிய டேபிள்கள் மட்டும்.

அனலைஸ் ஓட்டினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ரிப்போர்ட் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

பிறகு சனிக்கிழமை லாகைத் திறந்தேன். புள்ளிவிவரம் வராது என்று கடைசி வரிகளிலேயே சொல்லி, ஓட்டவேண்டிய ஸ்கிரிப்டையும் பிஜி அப்கிரேட் எழுதி வைத்திருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் படித்தோம்?

2025-ல் வந்த 18-லிருந்து புள்ளிவிவரமும் கூடவே வருகிறது. ஆனால் 'கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' போட்டு நாமே சேர்த்தவை இன்னும் வருவதில்லை, அதனால் 18-க்குப் போகிறவர்களும் அனலைஸை ஒருதரம் ஓட்டிவிடுங்கள்.